மனூபியாவின் வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

எங்கள் ஊரான மஹ்தியாவில், தெருமுனை ஹம்மாம் என்ற பொது நீராவிக் குளியல்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிட்டவள் மனூபியா. நாற்பதைத் தாண்டிய எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருடைய முதுகும் அவள் கைக்குத் தெரியும். மணப்பெண்ணைத் தேய்த்து முடித்ததும், "போ, இனி உன் முதுகுல முகம் பாத்து அவன் சவரமே பண்ணிக்கலாம்" என்பாளாம்.

இப்போது வயது எழுபத்தெட்டு. இடுப்பு முறிந்து தேறிய உடம்பு, களைத்த இதயம், ஒற்றை அறை. பிள்ளைகள் இல்லை.

முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வண்டியில் டாக்டர் ஷத்லியும் உதவியாளர் நஸீஹாவும் வருவார்கள். நான் அவர்களோடு போகும் பயிற்சி நர்ஸ். திங்களும் வியாழனும் நஸீஹா மனூபியாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவாள்.

"என்னடி இது, அலமாரிக்குத் தூசி தட்டற மாதிரி? அழுத்தித் தேயி!"

"தோல் கிழிஞ்சிடும் சித்தி. அப்புறம் டாக்டர் என் தோலை உரிப்பாரு."

"உரிக்கட்டும். உன் அழுக்காவது போகும்."

சிரிப்பாள். காற்று திரும்பி ஹம்மாமின் விறகுப் புகை உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "இந்நேரம் உள்ள உக்கார இடம் இருக்காது" என்பாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரே ஒரு தடவை அங்கே போக வேண்டும்.

ரத்த அழுத்தம் விடவில்லை. டாக்டர் கடைசியில் இறங்கி வந்தார். "ரத்த அழுத்தத்தோட மேல் எண் மூணு வாரம் நூத்தி நாப்பதுக்குள்ள இருக்கட்டும். நடு அறை வரைக்கும் பத்து நிமிஷம். உள்ள இருக்கற சூட்டறை கிடையாது."

வியாழக்கிழமைகளில் எண் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை பார்த்தால் நூற்று அறுபது, நூற்று அறுபத்தைந்து. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நானும் நஸீஹாவும் மருந்து கொடுக்கப் போனபோதுதான் புரிந்தது. கட்டிலருகே ஐந்து தட்டு குஸ்குஸ், ஆவியில் வெந்த ரவைச் சோறு! தனியாக இருக்கும் கிழவிக்கு வெள்ளிக்கிழமை குஸ்குஸில் பங்கு போகாமல் எங்கள் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்களும் தனித்தனியாக அனுப்பியிருந்தார்கள். உப்புக்கருவாடு, உப்பில் ஊறிய எலுமிச்சை, மேலே உப்பும் காரமுமான ஹரிஸா மிளகாய் விழுது. தட்டைக் காலி செய்யாமல் திருப்பினால் சமைத்தவளுக்கு அவமானம். ஞாயிறு வரை அதையே சாப்பிட்டுத் தீர்ப்பாள்.

"சித்தி, இதுதான் உங்களை ஹம்மாம் போக விடாம தடுக்குது! நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் நஸீஹா.

மனூபியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதே மகளே. தட்டு நின்னா ஆளும் வர மாட்டாங்க. பக்கத்து வீட்டு ஹயாத் கொண்டு வந்தா கால் மணி நேரம் உக்காந்து பேசுவா. நீங்க ரெண்டு நாள், அவங்க ஒரு நாள். மிச்ச நாளு எனக்கு இந்தச் சுவருதான்."

நாங்கள் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஹம்மாம் ஆசை பொறுக்காமல் அவளே சொல்லிவிட்டாள். ஹயாத்திடம், அதுவும் இப்படி: "உன் குஸ்குஸ்ல உப்பு ஜாஸ்தி."

இருபது வருடமாகச் சமைத்துப் போடுகிறவளிடம்! ஹயாத் தட்டைத் தூக்கிக்கொண்டு உட்காராமலே போய்விட்டாளாம். மற்ற நாலு தட்டையும் தொடாமல் மனூபியா மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். திங்களன்று நாங்கள் போனபோது எண் இறங்கியிருந்தது, முகமும் செத்துப்போயிருந்தது. "ஹம்மாமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அப்போது ஹயாத் உள்ளே வந்தாள், கையில் தட்டோடு.

"உப்பே போடல. சுண்ணாம்பு திங்கற மாதிரி இருக்கு. நானும் இதைத்தான் தின்னுட்டு வரேன், பாவி. டாக்டர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உப்பு ஆகாதுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன? அஞ்சு வீடும் பேசிக்கிட்டோம். இனிமே ஆளுக்கு ஒரு நாள். நகரு, உக்காரணும்."

மூன்று வாரம் கழித்து நூற்று முப்பத்தாறு.

ஹம்மாமின் நடு அறைக்கு அவளை நாங்கள் இரண்டு பேரும் தாங்கிக்கொண்டு போனோம். கல் மேடையில் உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஈரக்காற்றை இழுத்தாள். நஸீஹா தேய்க்கத் தயாரானாள்.

"நீ உக்காரு" என்றாள் மனூபியா. மடியிலிருந்து பழைய கருப்புத் தேய்ப்புக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "கையை நீட்டு."

குளிக்க வேண்டும் என்று அவள் ஏங்கியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பு. சாம்பல் நிறத்தில் அழுக்கு திரி திரியாக உருண்டு வந்தது. "பாருங்கடி! இதை வெச்சுக்கிட்டுதான் என்னைக் குளிப்பாட்ட வரா!" மொத்த அறையும் சிரித்தது. நஸீஹா சிரித்துக்கொண்டே அழுதாள்.

தோள் வரை வந்ததும் மனூபியாவின் கை ஓய்ந்து நின்றது. பத்து நிமிடம் முடிந்திருந்தது. நஸீஹாவின் இன்னொரு கை அப்படியே இருந்தது. உள்ளறைக் கதவு திறந்து மூடியது, ஆவியும் பெண்கள் சத்தமும் ஒரு நொடி வெளியே வந்தன. மனூபியா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுப்பியபோது கையுறையைக் கழற்றவில்லை. "ஒரு கையை மட்டும் தேய்ச்சுட்டு நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பினதில்ல" என்றாள். "அதை உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க."