மீன் நான்காம் மாடிக்கு அருகில்தான்

"மீனாட்சிதி நேய்!" என்று இரண்டாம் மாடி வங்காளி அண்ணி, அதாவது எங்கள் பௌதி, நேற்றுக் காலை போனில் அழுதார். மீனாட்சி அக்கா போய்விட்டார் என்று அர்த்தம். தொல்லுயிர் எச்சங்களை ஆராயும் எங்கள் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மீனாட்சி மேடம், பாலிகஞ்சில் தம் அடுக்குமாடி வீட்டில் உறக்கத்திலேயே காலமாகிவிட்டார். பவானிபூரிலிருந்து பதறியடித்து ஓடினேன்.

அவரை அறியாதவர்கள் அந்தக் குடியிருப்பின் படிக்கட்டை ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு மேடம் பெயின்ட் டப்பாவைத் தூக்கிவிட்டார். தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடியில் தம் வாசல்வரை, பூமியின் மொத்த வயதையும் அளந்து சுவரில் வரைந்தார். கீழே கொதிக்கும் பாறை. முதல் மாடியில் கிருமி. அதற்கு மேலும் கிருமி, கிருமிதான்! மூன்றாம் மாடியைத் தாண்டி வெகுதூரம் ஏறினால்தான் மீன். பிறகு பாருங்கள், பெரணி, டைனோசர், பூ என்று எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன! மனிதன் கடைசியில் ஒரு தலைமுடிக் கோடு.

கலகம் வெடித்தது. முதல் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர், "என் வாசல்ல வெறும் கிருமியா?" என்று குதித்தார். பௌதியின் கவலை வேறு.

"வங்காளி வாசல்ல மீன் இல்லாமலா? பேர்லயே மீன் வச்சிருக்கீங்க, ஒண்ணே ஒண்ணைக் கீழே இறக்குங்களேன்!"

மேடம் அசையவில்லை. "இறக்குனா மூச்சுத் திணறிச் செத்துரும், பௌதி. பாசிக் கிருமி விட்ட ஆக்சிஜன் காத்துல சேர ஆரம்பிச்சதே உங்க வாசல்லதான். அது இல்லேன்னா மீனும் கிடையாது, நாமளும் கிடையாது!"

அன்றிலிருந்து பௌதி விருந்தாளிகளை வாசலில் நிறுத்தி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். நானும் இழுத்தேன். உடம்பே சிலிர்த்தது.

செயலாளர் மட்டும் மசியவில்லை. துர்கா பூஜைக்கு வெள்ளையடித்து அத்தனையையும் அழிப்பதென்று தீர்மானம் போட்டார். மேடம் கரியாஹாட்டில் புதுத் தூரிகை வாங்கி வந்து, "அடிக்கட்டும்ப்பா. மறுபடியும் பாறையில இருந்து ஆரம்பிப்போம்ல!" என்றார். சொன்னாரே தவிர, முகம் வாடித்தான் இருந்தது.

பூஜை வருமுன் அவர் போய்விட்டார். லிஃப்ட் கிடையாது, படி வழியே இறக்கினோம். முன்னால் தோள் கொடுத்தவர் செயலாளர். முதல் மாடித் திருப்பத்தில் நாங்கள் சுவரை ஒட்டி வந்தபோது அவர்தான் அதட்டினார்.

"பாத்து, பாத்து! கிருமி மேல தோள் உரசிடப் போவுது!"

மேடம், உங்கள் சுவரை இனி யாரும் தொட மாட்டார்கள். நிம்மதியாகப் போங்கள்.