அத்தையோடு பார்த்த கிறிஸ்துமஸ் காதல் படங்கள்

டிசம்பர் வந்தால் இந்த அமெரிக்க டிவியில் ஒரு வகைப் படம் ஓடும். தியேட்டருக்கு வராது, டிவிக்கென்றே எடுப்பார்கள். நியூயார்க்கில் பெரிய வேலையில் இருக்கும் ஒருத்தி கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊருக்கு வருவாள். அங்கே கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். முதலில் முட்டிக்கொள்வார்கள், பிறகு சேர்ந்து குக்கி சுடுவார்கள். முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஏதோ ஒரு தப்பான புரிதலில் பிரிவார்கள். கடைசியில் பனி கொட்டும், ஒரு முத்தம், சுபம். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படங்கள் என் குடியைக் கெடுத்தன என்று சொன்னால் அது பொய். குடி ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது. அது சரியாகிவிடும் என்று என்னை நம்பவைத்தன பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் என் கணவன் வீட்டை விட்டுப் போயிருந்தான். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுங்கள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, இன்னொருத்தியும் கிடையாது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நமக்குள்ள ஒண்ணுமே இல்ல, ரூம்மேட்ஸ் மாதிரி இருக்கோம்," என்றான். அடுத்த வாரம் பக்கத்து ஊரான பிளேனோவில் ஃப்ரீவே ஓரமாக ஓர் அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு போய்விட்டான். நான் ஆலனில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தேன். குழந்தை இல்லை. இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கிறவர்களை நான் மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

அக்டோபரில் போன் பண்ணினான். அவன் அம்மா திருச்சியிலிருந்து வருகிறாராம், பொங்கல் வரை இருப்பாராம். "அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். பிபி இருக்கு, தாங்க மாட்டாங்க. நானும் அங்க வந்து இருந்துடறேன். கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ப்ளீஸ்."

இங்கே இது ஒன்றும் புதுசில்லை. கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்காட்டுகிறவர்களை எனக்கே தெரியும். விசிட்டர் விசா முடிகிற வரைக்கும் கல்யாணமும் நீடிக்கும். ஏர்போர்ட்டில் டாட்டா காட்டிவிட்டு அவரவர் காரில் அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், எனக்கு அவன் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். மானம், ரோஷம் எல்லாம் வைத்துப் பேச நான் தயாராக இல்லை. அதோடு அந்தப் படங்களில் ஒரு தினுசு உண்டு. குடும்பத்தின் வாயை அடைப்பதற்காக இரண்டு பேர் ஜோடி மாதிரி நடிப்பார்கள். நடிக்கிற ஜோடி கடைசியில் நிஜ ஜோடியாகிவிடும். ஒரு படத்திலாவது ஆகாமல் போய் நான் பார்த்ததில்லை. சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எனக்குப் போய் இப்படி ஒரு நம்பிக்கை!

அத்தை வந்தார். கீழே கெஸ்ட் ரூமில் தங்கவைத்தோம். முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார். அதனால் மாடியில் நான் ஓர் அறையிலும் அவன் ஓர் அறையிலும் படுத்தது வசதியாகப் போயிற்று. சில நாள் ஆபீஸில் வேலை இருக்கிறது என்று பிளேனோவுக்கே போய்விடுவான். அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தனியாக இருக்கும்போது எப்போதும் 'நீ, வா, போ' என்று பேசுகிற நான், அத்தை முன்னால் "என்னங்க, காபி எடுத்துக்கோங்க" என்று குழைந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவன் வேலைக்குப் போன பிறகு நானும் அத்தையும் டிவி முன்னால் உட்காருவோம். நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். ஒரு கண் லேப்டாப்பில், ஒரு கண் டிவியில். இந்தப் படங்களின் பெரிய நல்ல குணம் அப்போதுதான் தெரிந்தது. மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கலாம். முத்தம் கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் எந்த இடத்திலும் ரிமோட்டைத் தேடிப் பதற வேண்டாம். ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. விளம்பரத்துக்கு எழுந்து போய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தாலும் கதை நம்மை விட்டுவிட்டுப் போயிருக்காது.

அத்தைக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரு படமும் அவருக்குப் புரியாமல் போகவில்லை. "இவன் வேணாம், இவன் போனையே பாத்துக்கிட்டு இருக்கான். அந்த மரம் வெட்டுறவன்தான் மாப்பிள்ளை," என்று முதல் விளம்பரத்துக்குள் சொல்லிவிடுவார். மொழியே தெரியாத ஒரு மனுஷிக்குக் கதை சொல்லத் தெரிந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்பிள்ளைகள் மன்னிப்புக் கேட்பார்கள். வாய் திறந்து, முழு வாக்கியமாக, எந்த இடத்தில் தப்புப் பண்ணினேன் என்று சொல்லிக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அப்படி ஒருவன் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த இடம் வந்தால் மட்டும் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பார்ப்பேன்.

மற்றபடி குறைக்குப் பஞ்சமே இல்லை. கையில் காபி கப் இருக்கும், உள்ளே ஒரு சொட்டுக் காபி இருக்காது. ஆட்டுகிற ஆட்டத்திலேயே தெரியும். வெயில் காலத்தில் எடுத்திருப்பார்கள் போல, கம்பளிக் கோட்டுக்குள் நெற்றி வேர்த்திருக்கும். பனி சோப்பு நுரை மாதிரி இருக்கும். அந்த ஊரில் யாருக்கும் வேலைக்குப் போகிற அவசரம் கிடையாது. ஹீரோயின் ஒரே போனில் நியூயார்க் வேலையை விட்டுவிடுவாள். க்ரீன் கார்டு வந்துவிட்டதா என்று அவளை ஒரு நாயும் கேட்காது. நாங்களெல்லாம் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் வேலையை விட முடியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மோசடி, கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அவர்கள் காட்டவே மாட்டார்கள். அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் பத்து வருஷம் கழித்துக் கை கழுவிவிட்டு வந்து என்ன சொல்வான் என்பதற்கு ஒரு படம் கிடையாது.

இப்படி வாய் கிழியப் பேசுகிற நான்தான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவன் மாறிக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே ஒரு மரத்தைக் கார் மேல் கட்டிக்கொண்டு வந்து ஹாலில் நிறுத்தினான். எங்களுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம்? தெருவே வைக்கிறது, நாமும் வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் நானும் அவனும் சேர்ந்து லைட் சுற்றினோம். பாத்திரம் கழுவினான். ரசம் பிரமாதம் என்றான். நான் சோபாவில் கண்ணயர்ந்தபோது ஒரு சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினான். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணைத் திறக்கவில்லை.

திருச்சி சொந்தங்களுக்கு அனுப்ப மரத்தின் முன்னால் எங்களை நிற்கவைத்து அத்தை போட்டோ எடுத்தார். அவன் என் தோளில் கை போட்டான். போட்டோ எடுத்து, சரியாக வந்திருக்கிறதா என்று அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தை ஊருக்குப் போன பிறகும் இவன் இங்கேயே இருந்துவிடுவான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம். எங்கள் பக்கம் டிசம்பரிலும் பனி கிடையாது, வெளியே அடித்த வெயிலுக்கு ஏசி போட்டிருந்தோம். அவன் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்க இந்தியன் ஸ்டோருக்குப் போயிருந்தான். டிவியில் அந்த ஜோடியாக நடிக்கிற தினுசுப் படம் ஒன்று. அத்தை மடியில் மிக்சர் தட்டு.

"இதுங்க ரெண்டும் நிஜ ஜோடி இல்ல, சும்மா," என்றார் அத்தை. "அந்த அம்மாக்காரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கா."

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கேம்மா. நான் மட்டும் என்ன, உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம இல்லையா?"

"என்ன அத்தை?" என்றேன்.

"ஆடியிலயே போன்ல சொல்லிட்டானேம்மா, தனியா போயிட்டேன்னு. வீட்டக்கூட வீடியோல காட்டினான்." மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "வெளிப்படையா பேசினா நான் எங்க போய்த் தங்குறது, சொல்லு. அவன் இருக்கிறது ஒத்த ரூம் வீடு. நீயும் சந்தோஷமாத்தான இருந்த."

முதலில் 'என்னங்க, என்னங்க' என்று நான் குழைந்ததையெல்லாம் இந்த அம்மாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாரே என்று ஆத்திரம் பொங்கியது. மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில்தான் அது தோன்றியது. அம்மாவுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் அவன் அம்மாவுக்காக நடிக்கவில்லை. பிறகு அந்தச் சால்வை? தோளில் போட்ட கை? அதெல்லாம் யாருக்காக?

கடவுளே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில். படத்தின் கடைசியில் பனி கொட்டும்போது வருமே, அது இதுதான் என்று நினைத்தேன். முகம் கழுவினேன். தலை வாரினேன். அவனுக்குப் பிடித்த நீலக் குர்த்தாவை மாட்டிக்கொண்டேன். கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் இறங்கி ஓடி, வாஷிங் மெஷின் பக்கத்தில் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கையிலும் பையோடு வந்தான்.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாமே," என்றேன்.

பைகளை மெஷின் மேல் வைத்தான். "சொல்லிட்டாங்களா?"

"அப்ப யாருக்காக நடிச்ச? மரம் வாங்கிட்டு வந்தது, கை போட்டது, போர்த்திவிட்டது, எல்லாம் யாருக்காக?"

"உனக்காகத்தான்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் நான் ஏப்ரலிலிருந்து பட்டதெல்லாம் கரைந்துபோயிற்று. நிஜமாகவே அவன் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"நீ மூட் அவுட்டா இருந்தா அம்மாவ யார் பாத்துப்பாங்க? நீ ஹேப்பியா இருந்த, அம்மாவுக்கு நேரத்துக்கு சாப்பாடு, மாத்திரை எல்லாம் கிடைச்சுது. எல்லாருக்கும் வொர்க் அவுட் ஆச்சுல்ல?"

சொல்லும்போது அவன் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. ஆபீஸில் ஒரு பிராஜெக்ட் நல்லபடியாக முடிந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க எனக்கு எத்தனையோ இருந்தது. நேராக கெஸ்ட் ரூமுக்குப் போய் அத்தையின் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் போட்டேன். சேலைகள், மாத்திரை டப்பா, தைலம், ஸ்வெட்டர், கையில் அகப்பட்டதையெல்லாம் உள்ளே திணித்தேன்.

"என்ன பண்ற நீ? ஒன் பெட்ரூம்ல எப்படி?" என்று பின்னாலேயே வந்தான்.

"அம்மா கட்டில்ல படுக்கட்டும். நீ சோபால படு."

"பொங்கல் வரைக்கும் டிக்கெட் இருக்கேம்மா," என்றார் அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு.

"இருக்கட்டும் அத்தை. பொங்கலும் அவன் வைப்பான்."

அத்தை முன்னால் அவனை 'அவன்' என்றது அதுதான் முதல் தடவை. வயசான மனுஷி, பாவம்தான். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த லட்சணத்தில் நின்றேன். அத்தை மெதுவாக நடந்துபோய்க் காரில் ஏறினார். நானே பெல்ட்டை மாட்டிவிட்டேன். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். ஏதோ சொல்லப்போகிறார், ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று கிட்டே போனேன்.

"அந்தப் படம் பாதியில நிக்குது. ரெண்டும் சேந்துச்சுங்களான்னு பாத்து வையிம்மா, போன்ல கேக்கறேன்," என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். சேர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.