நான் மட்டும் கண்ட திமிங்கிலம்

இரண்டு வருடங்களுக்கு முன், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடிப்பதற்குச் சற்று முந்திய ஒரு காலை. பருத்தித்துறைக்கு வடகிழக்கே, கரை கண்ணுக்கே தெரியாத ஆழ்கடலில், எண்ணெயும் எரிவாயுவும் தேடும் ஆய்வுக் கப்பலொன்றில் நின்றிருந்தேன். கடல் விலங்குகள் நடமாடுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "கடலைப் பாக்கிறதுக்குச் சம்பளமோ? நாங்கள் பிறந்ததிலையிருந்து சும்மாதானே பாக்கிறம்" என்று எங்கள் ஊரான மயிலிட்டியில் என்னைப் பகிடி பண்ணாத ஆளில்லை.

ஆனால் வேலை பகிடியல்ல. கப்பல் இழுத்துச் செல்லும் கருவிகள் காற்றை அழுத்தித் தண்ணீருக்குள் வெடிக்கும். அந்த எதிரொலியை வைத்துத்தான் கடலடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். பக்கத்தில் திமிங்கிலம் நின்றால் அதன் காது பழுதாகலாம். கண்ணைவிடக் காதைத்தான் அது நம்பி வாழ்கிறது. அதனால் முதல் வெடிக்கு முன் நான் கடலைப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும்.

அன்று அந்த "சரி" வாய்வரை வந்துவிட்டது. வெயில் மினுங்கிய பக்கத்தில் திடீரென ஒரு வெள்ளைப் புகை. கண்ணை மூடித் திறப்பதற்குள் இல்லை. திமிங்கிலத்தின் மூச்சு! "நிப்பாட்டுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டுப் பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆய்வுக்குப் பொறுப்பான வெளிநாட்டுக்காரர் தொலைநோக்கியோடு வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மற்றவர்களும் பார்த்துவிட்டு, அலை நுரையாக இருக்கும் என்றார்கள். நாட்கணக்காகக் காற்றில் வேலை கெட்டு, அன்றுதான் கடல் சற்று அடங்கியிருந்தது. அவருக்கு அவசரம். எனக்கோ அதுதான் முதல் வேலை. அவர் மனம் கோணினால் அடுத்த கப்பலில் என்னை யார் ஏற்றுவார்கள்?

மீனவர் வலைகள் கருவிகளில் சிக்காமல் பார்ப்பதற்கு எங்கள் ஊர்ப் படகொன்று காவலுக்குக் கூடவே வந்தது. அதன் ஓட்டியை வோக்கிடோக்கியில் கூப்பிட்டேன். எங்கள் ஆள், கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை.

"அண்ணை, உங்களுக்கு ஏதும் தெரியுதோ?"

"ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை. வெயில் மினுக்கத்தைப் பாத்து ஏமாந்திட்டியோ தெரியாது."

போச்சு! அவரும் கைவிட்டார்.

பொறுப்பாளர் என்னிடம், நிச்சயமா என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மெதுவான கேள்விக்குத்தான் பயந்தேன். கண்டது கண்டதுதான், அது மூழ்கியிருக்கிறது, போய்விட்டதென்று தெரியும்வரை வெடிக்கக் கூடாது என்றேன். குரல் நடுங்கியது. ஆய்வு விதிமுறை என் பக்கம் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

காத்திருந்தோம். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் சந்நிதி முருகனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வோக்கி அலறியது. "ஐயோ பிள்ளை! நிக்குது! கப்பலுக்குப் பின்னாலை... ரெண்டு! குட்டியும் நிக்குது!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வெடிக்கவிருந்த கருவிகளுக்குக் கிட்டவே கரிய முதுகொன்று தண்ணீரைப் பிளந்து எழும்பியது. அதன் விலாவோடு ஒட்டியபடி குட்டி. தாய் பெரிதாக ஒரு மூச்சு விட, குட்டியும் சின்னதாக ஒன்று விட்டது. வெட்கமில்லாமல் துள்ளிக் குதித்தேன். அழுதும்விட்டேன். பொறுப்பாளரே ஒலிவாங்கியைப் பிடுங்கி, யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கப்பல் முழுக்கக் கைதட்டல். தாயும் குட்டியுமோ எங்களைச் சட்டை செய்யாமல் ஆறுதலாக நீந்திப் போயின. அவை கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் வரை ஒரு வெடியும் வெடிக்கவில்லை.

"இனி நீ கடலுக்கை ஆனை நிக்குதெண்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவன்" என்றார் படகோட்டி அண்ணை.

இன்றைக்கும் பலர் நடுவே நான் ஒருத்தி மட்டும் "வேண்டாம்" சொல்ல நேர்ந்தால் குரல் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு குட்டியின் காதைக் காப்பாற்ற நடுங்குகிற குரலே போதும் என்று எனக்குத் தெரியும்.