ஒன்றாம் பாயிண்ட் எந்தப் பக்கம்

ரயில் நிலைய அதிபராக ஓய்வுபெற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு: கண்ணில் பட்டதற்கெல்லாம் இலக்கம் போடுவான். ஹட்டனில் என் வீட்டு மேல்மாடி மேசைமேல், றொசல்லையிலிருந்து நானுஓயா வரை ஏறும் பாதையைச் சின்ன ரயிலுக்காகக் கட்டியபோதும் அதைத்தான் செய்தேன். தண்டவாளம் பிரியும் இடத்தைப் பாயிண்ட் என்போம். எட்டுப் பாயிண்டுக்கும் கொழும்புப் பக்கமான றொசல்லையிலிருந்து எண் எழுதிக் குண்டூசிக் கொடி நட்டேன். முறை அதுதான்.

பாயிண்டுகளைத் திருப்பும் பொத்தான் பலகையைச் செய்து, அதில் எண்களை ஒட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மறுநாள் கனடாவில் மகனோடு இருக்கப் போகிறார், திரும்பும் உத்தேசமில்லை. அதற்குள் ரயில் ஒரு தடவையாவது நிற்காமல் உச்சிக்கு ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

ரயிலை ஓட்டியது நான். மூன்று என்று கத்தினேன், அவர் அழுத்தினார். ரயில் பக்கத்தடத்தில் புகுந்து அட்டைச் சுரங்கத்தை இடித்துக் கவிழ்ந்தது. மறுபடியும் அதே கதை. வயரைத் திட்டினோம், மின்சார சபையைத் திட்டினோம். மூன்றாம் முறை அழுத்தும்போதுதான் கவனித்தேன்: நானுஓயாப் பக்கம் என் ஆறாம் பாயிண்ட் டக்கென்று திரும்பியது.

“ஒண்ண எங்கருந்து எண்ணுனீங்க?”

“பெக்டரியிலருந்துதான் மாஸ்டர். தோட்டத்துல வேற எங்கருந்து மலைய எண்ணுவாங்க?”

மேல்முனையில் அவர் ஒரு அட்டைத் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருந்தார். ரயில்வேயில் எல்லாமே கொழும்பிலிருந்துதான் தொடங்கும் என்று விளக்கினேன்.

“கொழும்பு இந்த மேசையிலயே இல்லீங்களே. பெக்டரி இருக்கு.”

முதல் கொடியை நானே பிடுங்கினேன். இரண்டு பேர் எண்களையும் உரித்தோம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் அருகில் நிற்பதையே பெயராக்கினோம்: பாலம், சுரங்கம், கோயில், கொழுந்து நிறுக்கும் மடுவம். சேவையில் இருந்தபோது யாராவது இப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.

பாலம் என்றேன், திரும்பியது. சுரங்கம், திரும்பியது. ரயில் கொட்டகலையைத் தாண்டியதும் இருவரும் மேசைமேல் குனிந்தோம். கோயிலுக்குப் பிறகு நான் வாய் திறக்கவே அவர் இடம் தரவில்லை, கை முந்திக்கொண்டது. ரயில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றபோது இரண்டு கிழவர்களும் மேசையைத் தட்டிய தட்டில் கோயில் கோபுரம் சாய்ந்தது.

அவர் கோபுரத்தை நிமிர்த்தி வைத்தார்.

“நான் போனப்புறம் நம்பர் ஒட்டிறாதீங்க மாஸ்டர்.”

பெயர் மாற்றம் எதுவானாலும் சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், முறை அதுதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ரயிலைத் தூக்கி மறுபடி றொசல்லையில் வைத்தார்.