கொரட்டிக்கு ஏறிய மருந்து

ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மரியகொரட்டியைக் கொரட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டியவள். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் எட்வர்டுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவான். அவள் மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய் என்பதும், பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி அதைச் சுருக்கிய பிறகுதான் ஆபரேஷன் என்பதும் அவனுக்கு மட்டும் தெரியும். காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம். அங்கே யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளை வாசல் பக்கம்கூட விடமாட்டார்கள் என்று பயந்தாள்.

அவள் சொல்லாததால் லயம் தானாகவே ஒன்றைச் சொல்லிக்கொண்டது. நல்ல சேலை கட்டி, கையில் ஒரு கவரோடு பதுளை பஸ் ஏறுகிறவள் வேறு எதற்குப் போவாள்? அந்தத் தோட்டத்தில் அப்படிப் போனவர்களெல்லாம் மெடிக்கல் எடுத்து, பாஸ்போர்ட் எடுத்து, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள்தான்.

பக்கத்துக் காம்பரா கருப்பம்மாவுக்குத்தான் கோபம் அதிகம். கலியாணமாகி வந்த நாளிலிருந்து கொரட்டி அவளுக்கு அடுத்த நிரையில்தான் கொழுந்து எடுக்கிறாள். அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தண்ணீர் பிடிக்கிற பீலியில் கொரட்டியின் குடத்தைக் காலால் ஒதுக்கினாள்.

"குவைத்துக்காரிக்கு எதுக்கு பீலித் தண்ணி? அங்க போத்தல்லயே குடுப்பானுங்க."

கொரட்டி சிரித்து வைத்தாள். அந்தப் பேச்சு அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு தனியாகத் திரும்பியபோது பஸ்ஸில் கண் சொருகியது. தூக்கமா மயக்கமா என்று பிரிக்க முடியாத ஒன்று. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகள் வேரில்லாமல் பனியில் மிதந்து போயின. யாரோ அவள் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விலகிப் போனார்கள். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் கடைசித் தரிப்பில் நின்றுகொண்டிருந்தது. இறங்கினாள். அது எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை. செடியும் லயமும் அவளுடையவை மாதிரியே இருந்தன. வாசலில் நின்ற முகங்கள்தான் யாருடையவோ. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். தான் செத்து வேறெங்கோ வந்துவிட்டதாக, திரும்பிப் போகிற பஸ் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பயமாக இல்லை. பயமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்துத்தான் பிறகு பயந்தாள்.

இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். பாதியில் விட்டால் கட்டி சும்மா இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தெரிந்தே எடுத்த முடிவு.

முடி கொட்டியதை மறைப்பது கஷ்டமாக இல்லை. கொழுந்துக்காரிகள் எல்லோரும் தலையில் துணி சுற்றி, அதன்மேல்தான் கூடைக் கயிற்றைப் போடுவார்கள். ஆனால் அந்தக் கயிறு இத்தனை காலமும் துணிக்குள்ளிருந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது மருந்துக்கு முதல்நாள், சரிவில் எட்டிப் பறிக்கும்போது, கயிறு துணியையும் இழுத்துக்கொண்டு வழுக்கியது. கூடை உருண்டு கொழுந்தெல்லாம் கொட்டியது.

பனிக்குள் ஒரு வெறுந்தலை. மலையில் அத்தனை கையும் நின்றது.

"அடிப்பாவி," என்றாள் கருப்பம்மா. "குவைத்துன்னுல்ல நெனச்சேன்."

"நீங்களா நெனச்சிக்கிட்டீங்கக்கா."

"இல்லன்னு வாயத் தொறக்கிறதுக்கு என்னாடி? கொடத்த ஒதைக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டா நிப்ப?"

கொரட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "ஒட்டுமா?" என்று கேட்டாள் மேல் நிரையில் நின்ற சுதர்ஷினி.

"ஒட்டாதாம்."

"பொறகு என்னாத்துக்கு மறைச்சீங்க?"

கங்காணி வீரய்யா "என்னா இங்க, கூட்டம் போடுறீங்களா?" என்று ஏறி வந்தார். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தலையக் கட்டும்மா, குளிருது," என்றார்.

"அடுத்த ஊசி எப்ப?" என்றாள் கருப்பம்மா.

"நாளைக்கு. நான் போகலக்கா. தனியா வர முடியல. எங்க எறங்குறதுன்னே தெரியமாட்டேங்குது."

கருப்பம்மா சிந்திய கொழுந்தை அள்ளிக் கூடையில் போட்டாள். "பீலியில கொடம் வைக்கிற மாதிரி வரிசை வச்சிக்குவோம். நாளைக்கு நான். அடுத்த வாட்டி சுதர்ஷினி. அதுக்குப் பொறகு எவ அதிகமா வாயடிக்கிறாளோ அவ."

"அப்படிப் பாத்தா எல்லா வாட்டியும் நீதான் போவணும்," என்றார் வீரய்யா.

பெண்கள் சிரித்தார்கள். கொரட்டியும் சிரித்தாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தும் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. கருப்பம்மா கலியாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். "பஸ்ஸு ஒன் மாமன் வீட்டுதா, காத்துக்கிட்டு நிக்க? எந்திரிடி."

பதுளை ஆஸ்பத்திரி வார்டில் ஊசி குத்தி மருந்துப் பையைத் தொங்கவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் அப்புத்தளைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கருப்பம்மா அவளிடம் எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கொரட்டிக்குக் கண் சொருகியது. வார்டுச் சுவர்கள் மெல்ல விலகின. கட்டில்களுக்கிடையில் பனி வந்து படுத்தது. அதற்குள் கருப்பம்மாவின் குரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கை குளிருதுக்கா."

கருப்பம்மா முந்தானையைப் பிரித்து அவள் கையைச் சுற்றினாள். மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

"தூங்கு," என்றாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ம், மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்தாச்சுன்னீங்க, பொறகு?" என்றாள்.