தகரக் கதவு வைத்த டாங்கி

பச்சைப் பெயிண்டும் டீசலும் கலந்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் வெளியூர் சினிமாக் கம்பெனி போர்ப் படம் எடுக்க வந்தபோது, சிறுமியாக நான் வேடிக்கை பார்க்கப் போய் முகர்ந்த வாடை அது. டாங்கி தேடி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு பண்ணைக்காரரின் டிராக்டர். "வண்டியில ஒரு ஓட்டை போடக் கூடாது, நாளைக்கு உழவுக்கு வேணும்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டதால், அதன்மேல் தகரக் கூண்டைக் கவிழ்த்து, நீளக் குழாய் ஒன்றைச் செருகி, பச்சை அடித்து, ஓட்டுகிறவர் ஏறி இறங்கப் பின்பக்கம் ஒரு கதவும் வைத்தார்கள். டாங்கிக்கு ஏது டயர்? அது இரும்புப் பட்டையில் அல்லவா ஓடும்! இந்த "டாங்கி"யோ பூசணிக்காய் சுற்றி உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் போருக்கே கிளம்பியது. ஊரே கூடிச் சிரித்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் நிஜ டாங்கிக்குள் உட்கார்ந்து பீரங்கிக்குக் குண்டு திணித்தவர் அவர். அந்த டாங்கியை ஓட்டியவர் வடமதுரைக்காரர் கருப்பையா. ஓட்டுகிறவருக்கு முன்பக்கம் தலைக்கு மேலே ஒரு மூடி, அதுதான் வாசல். சண்டையில் வண்டி தீப்பிடித்தபோது பீரங்கிக் குழல் அந்த மூடிக்கு மேலேயே வந்து நின்றுவிட்டது, மூடி திறக்கவில்லை. மேல்வழியாகக் குதித்த அப்பா, உள்ளங்கை வெந்துபோகும்வரை அதை இழுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கைகளோடுதான் வடமதுரைக்குப் போய், கருப்பையாவின் மனைவி முத்தம்மாளிடம் நடந்ததைச் சொல்லி அழுதார். அன்றிலிருந்து முத்தம்மாள் அவருக்குத் தங்கச்சி, எங்களுக்கு அத்தை. வருசம் தவறாமல் அப்பா பொங்கல் சீர் கொண்டுபோவார்.

படம் திண்டுக்கல் தியேட்டரில் ஓடியது. எரிகிற டாங்கியின் பின்கதவைக் கதாநாயகன் ஒரே உதையில் திறந்து நண்பனைத் தோளில் தூக்கி வந்தான். விசில் பறந்தது. அத்தையும் படத்தைப் பார்த்திருந்தார். அந்தப் பொங்கலுக்கு அப்பாவோடு நானும் வடமதுரைக்குப் போயிருந்தேன். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் அத்தை கையில் வாங்கவில்லை.

"ஏண்ணே, பின்னாடி கதவு இருந்திருக்குல்ல? அதத் தொறந்து எம் புருசன இழுத்திருக்கலாமுல்ல?"

"அது டிராக்டரு, தாயி. டிரைவர் ஏறி எறங்க வச்ச கதவு."

"இம்புட்டுக் காசு செலவழிச்சுப் படம் எடுக்குறவுக பொய்யாவா காட்டுவாக?"

அப்பா அந்த வெந்த உள்ளங்கையை விரித்துக்கூடக் காட்டவில்லை. கரும்பு வாசலிலேயே கிடந்தது.

அத்தையை விடுங்கள், அவர் படப்பிடிப்பைப் பார்க்காதவர். எலுமிச்சம்பழம் நசுங்கியதைக் கண்ணால் பார்த்த எங்கள் தெருக்காரர்களே, "அதுக்காக டாங்கில பின்கதவு இல்லாமலா இருக்கும்?" என்று டீக்கடையில் அப்பாவை மடக்கினார்கள். "கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாக" என்று அம்மா பொரிந்து தள்ளினாள். கேனைகளை நான் மன்னித்துவிட்டேன். சண்டை என்றால் என்னவென்றே தெரியாமல் தகரத்தை வெட்டிக் கதவு வைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனவர்களை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

இன்று அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம். பொட்டல் காடு பிளாட்டு பிளாட்டாகக் கல் ஊன்றிக் கிடக்கிறது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். படம் மட்டும் தூசி தட்டி, பளபளவென்று செல்போனில் ஓடுகிறது. "அந்தக் காலத்திலேயே நிஜ டாங்கி!" என்று கீழே ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதுகிறார்கள்.

போன மாதம் முத்தம்மாள் அத்தை இறந்துபோனார். பிறந்த வீட்டுக் கோடியாக, அப்பாவின் இடத்தில் நின்று, நான் சேலை எடுத்துக்கொண்டு போனேன். அத்தையின் பேரன் வாசலிலேயே மறித்தான். "தப்பா நெனைக்காதீக. உங்க வீட்டுக் கோடி வேணாம்னு அப்பத்தா சொல்லிட்டுத்தான் செத்துச்சு. தாத்தாவ உள்ள விட்டுட்டு ஓடுனவக வீடாமே."

சாவு வீடு என்றும் பார்க்காமல் செல்போனை எடுத்து, அந்தக் காட்சியைத் தேடி நிறுத்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். தகரத்துக்கடியில் டிராக்டரின் பெரிய டயர் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. "நல்லாப் பாருப்பா, என்ன தெரியுது?" என்றேன்.

குனிந்து பார்த்தவன் அசந்துபோய்ச் சொன்னான்: "அடேங்கப்பா, டாங்கிக்கு இம்புட்டுப் பெரிய டயரா!"

கோடிச் சேலையோடு திரும்பி பஸ் ஏறினேன்.