பஞ்சுக்கு வெல்லம்

ஒன்பதாம் வகுப்புக்கு மூச்சுக்குழாயின் குறுயிழைச் செல்களை நடத்திக்கொண்டிருந்தேன். உள்ளே வரும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவதுதான் அவற்றின் வேலை என்றதும், கடைசி பெஞ்சில் யாரோ காறிக் காட்டினார்கள். வகுப்பே சிரித்தது. 

பீளமேட்டில் எங்கள் வீடு விடிந்ததே அந்தச் சத்தத்தில்தான். மில்லில் பஞ்சு பிரிக்கும் வேலை பார்த்த அப்பா, வாசலோரச் சாக்கடையில் குனிந்து துப்புவார். சாம்பல் நிறச் சளியில் பஞ்சு திரிதிரியாக நீளும். தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவது என் வேலை. பல நாள் அங்கேயே வாந்தி எடுத்திருக்கிறேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்கப்பா” என்றால், “எதுக்கு அம்மணி? ஷிப்டு முடிஞ்சா மில்லுலயே வெல்லம் குடுக்கறாங்கல்ல. பஞ்செல்லாம் வயித்துக்குள்ள இழுத்துட்டுப் போயிரும்” என்பார். சாகும்வரை அதை நம்பினார்.

“மிஸ், வெல்லம் தின்னா தூசி போயிருங்களா? எங்கம்மா மில்லுல அதைத்தானுங்க தர்றாங்க” என்றாள் முன்வரிசைப் பெண்.

கரும்பலகையில் வரைந்திருந்த உணவுக்குழாய், மூச்சுக்குழாய் இரண்டையும் காட்டினேன். வெல்லம் ஒன்றில் போகிறது, பஞ்சு மற்றதில் போகிறது. அப்பாவின் மில்லுக்கும் ஒரு டாக்டர் இருந்தார். இதே படத்தை வரைந்து மார்க் வாங்கித்தானே அவரும் டாக்டராகியிருப்பார்?

தூ!